கடையை மூடினால் பாட்டு என்ன ஆகும்?

புனேயில் எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பொங்கல் விழா என்று ஆரம்பித்தால் போதும், டிசம்பர் மாதமே எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். ஒரு வீட்டில் விண்டோஸ் பொட்டியில் பின்னணி இசை தயாராகும். இன்னொரு வீட்டில் மேக்கில் பிள்ளைகளின் குரலைப் பதிவார்கள். அப்புறம், "ப்ராஜெக்ட் ஃபைலை அனுப்பினேன், அங்கே திறக்கவே மாட்டேங்குதாம், என்ன சார் பண்றது?" என்ற கேள்வி வரும். பொட்டி தட்டுகிறவன், போதாக்குறைக்குக் கொஞ்சம் கீபோர்டும் தட்டுகிறவன் என்பதால் எல்லாம் என் தலையில்தான் :-)

"அது அப்படித்தான், வேவ் ஃபைலாக மாற்றி அனுப்பச் சொல்லுங்க" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் அப்படி என்பதற்குப் பின்னால் நாற்பது வருடக் கதை இருக்கிறது. போட்டி போட்ட கம்பெனிகள் கைகுலுக்கிய கதையும், கடையை மூடிவிட்டுப் போன கதையும் அதில் உண்டு. நம் வீட்டுக் குரல்களுக்கும் இதில் சம்பந்தம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோப்புக்குள் இருப்பது பாட்டு இல்லை

முதலில் ஒரு விஷயம். இசை மென்பொருளில் நாம் சேமிக்கும் ப்ராஜெக்ட் கோப்பு என்பது பாட்டு கிடையாது. கல்யாணச் சமையல்காரர் கையில் இருக்கும் குறிப்புச் சீட்டு மாதிரி அது. எத்தனை படி அரிசி, எந்த அண்டாவில் எது, எப்போது இறக்கணும் என்றெல்லாம் சீட்டில் இருக்கும். சாம்பார் சீட்டில் இருக்காது.

அதே போல ப்ராஜெக்ட் கோப்பில் மூன்று வகைத் தகவல் இருக்கும். ஒன்று, எந்த ஸ்வரம் எப்போது ஆரம்பித்து எப்போது முடிகிறது. இரண்டு, பதிவு செய்த ஒலிக்கோப்புகள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன, ஒவ்வொரு துண்டும் எத்தனையாவது நொடியில் ஒலிக்க வேண்டும். மூன்று, எந்த மெய்நிகர் வாத்தியம், எந்த எதிரொலி, எவ்வளவு சத்தம்.

வரலாறும் இதே வரிசையில்தான் நகர்ந்தது. முதல் வகைக்கு 1980களில் பொதுமொழி கிடைத்தது. இரண்டாவதற்கு 1990களில் ஓரளவு கிடைத்தது. மூன்றாவதற்கு இன்றுவரை முழுசாகக் கிடைக்கவில்லை.

1983: இரண்டு போட்டியாளர்கள், ஒரு கம்பி

1980களின் தொடக்கத்தில் ஒரு கம்பெனியின் சிந்தசைசரை இன்னொரு கம்பெனியின் சிந்தசைசரோடு இணைப்பது குதிரைக்கொம்பு. அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனியை நடத்திய டேவ் ஸ்மித், சக பொறியாளர் சேட் வுட்டோடு சேர்ந்து 1981ல் ஒரு பொது இணைப்பு முறையை முன்வைத்தார். ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியின் நிறுவனர் இகுதாரோ காகேஹாஷிக்கும் இதே எண்ணம். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியலின் ப்ராஃபெட் 600ஐயும் ரோலண்டின் ஜூபிடர் 6ஐயும் ஒரு கம்பியால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தால் இன்னொன்றும் ஒலித்தது. அதுதான் மிடி.

இதில் என்னை அசர வைப்பது தொழில்நுட்பம் அல்ல. போட்டிக் கம்பெனிகள் சேர்ந்து உருவாக்கியதை, யார் வேண்டுமானாலும் ராயல்டி இல்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். இருவருக்கும் 2013ல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. காகேஹாஷி 2017லும் ஸ்மித் 2022லும் மறைந்தார்கள். மிடி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மிடி ஒலியை அனுப்புவதில்லை. "இந்தக் கட்டையை இவ்வளவு அழுத்தி அமுக்கு, இப்போது விடு" என்ற கட்டளையைத்தான் அனுப்புகிறது. 128 ஸ்வர எண்கள், 16 தடங்கள், நொடிக்கு 31,250 பிட் வேகம். இன்றைக்கு இந்த வேகத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

1988: ஸ்வரங்கள் ஊர் விட்டு ஊர் போயின

கருவிகள் பேசிக்கொண்டன, சரி. மென்பொருள்கள்? 1985ல் வந்த அடாரி எஸ்டி கணினியில் மிடி கம்பி செருகும் துளையே உள்ளமைந்து வந்தது. அதில் ஓடுவதற்கென்று ஜெர்மனியில் சி-லேப் கம்பெனியின் நோட்டேட்டர், ஸ்டெய்ன்பெர்க்கின் க்யூபேஸ் (1989) எல்லாம் வந்தன. மேகின்டாஷ் பக்கம் ஆப்கோட் கம்பெனியின் மென்பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு வகை. ஒன்றில் போட்ட பாட்டு இன்னொன்றில் திறக்காது.

ஆப்கோட்டை நிறுவிய டேவ் ஓப்பன்ஹைம் இதற்கு ஒரு பொதுக் கோப்பு வடிவத்தை உருவாக்கினார். 1988ல் அது எல்லோருக்குமான தரமாக ஏற்கப்பட்டது. நாம் இன்றும் ".மிட்" என்று முடியும் கோப்பாகப் பார்ப்பது அதுதான். ஒரு முழுப் பாட்டின் ஸ்வரங்களும் பெரும்பாலும் நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். இன்டர்நெட் தந்தி வேகத்தில் ஊர்ந்த காலத்தில் சினிமாப் பாட்டுகளின் மிடி கோப்புகள் அத்தனை பரவியதற்கு அந்தச் சிறிய உருவம்தான் காரணம்.

1991ல் ஜெனரல் மிடி வந்தது. 128 வாத்தியங்களுக்கு எண் கொடுத்தார்கள். 1 என்றால் பியானோ. 105 என்றால் சிதார். 112 என்றால் ஷெனாய். வீணை? கிடையாது. நாதஸ்வரம்? மூச். மிருதங்கமும் இல்லை. நம் ஊர்க் கல்யாண மேளத்தை மிடியில் அனுப்பினால் மறுமுனையில் ஷெனாய்தான் கேட்கும். வடக்கத்திக் கல்யாணம் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான் :-)

கமகம் எங்கே போச்சு?

வாத்தியத்தை விடுங்கள், அதை மாற்றிக்கொள்ளலாம். கர்நாடக சங்கீதக்காரர்களுக்குப் பெரிய தலைவலி வேறு. சரளி வரிசையை மிடி கோப்பாக அனுப்பினால் பெரிய சேதம் இருக்காது. தோடியை அனுப்பிப் பாருங்கள். அந்தக் காந்தாரத்தின் அசைவு இல்லாவிட்டால் தோடி ஏது?

அசைவுக்கு மிடியில் 'பிட்ச் பெண்ட்' என்ற கட்டளை இருக்கிறது. நடுவிலிருந்து மேலும் கீழும் மொத்தம் 16,384 படிகள். தாராளமான எண்ணிக்கைதான். ஆனால் கடைசிப் படி என்பது எத்தனை ஸ்வரத்தானம் என்பதை ஒலிக்கும் கருவிதான் தீர்மானிக்கிறது. பெரும்பாலான கருவிகளில் அது இரண்டு அரை ஸ்வரம். வீணை மாதிரி இழுத்து வாசிக்க வேண்டுமென்று நம்மவர்கள் அதைப் பன்னிரண்டாக மாற்றி வைத்துக்கொள்வார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டில் வைத்து, இரண்டு அரை ஸ்வரம் இழுக்கிறோம். அதாவது மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. கோப்பில் அந்த ஆறில் ஒரு பங்குதான் எழுதப்படும். மறுமுனையில் எல்லை இரண்டாக இருந்தால், இரண்டில் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஒரு அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அசையும். கமகம் போய் அபஸ்வரம் மிஞ்சும். எல்லையைச் சொல்லும் கட்டளையையும் கோப்பில் சேர்க்க வழி உண்டு. பல மென்பொருள்கள் தாமாக அதைச் செய்வதில்லை.

எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டபோது, வெறும் ஸரிகமவை மட்டும் அச்சிட்டு நிறுத்தவில்லை. ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக்குறி கொடுத்து, அந்தக் குறிக்கு என்ன பொருள் என்று விளக்கமும் எழுதினார். குறியோடு அதன் பொருளும் சேர்ந்து போக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கணினிக்காரர்கள் இந்தப் பக்கம் மெதுவாகத்தான் வந்தார்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே வளைக்கும் எம்பிஇ முறை 2018லும், மிடி 2.0 என்ற புதிய பதிப்பு 2020லும்தான் ஏற்கப்பட்டன.

ஒலி வந்தது, சிக்கலும் வந்தது

1990ல் ஆப்கோட்டின் ஸ்டூடியோ விஷன், மிடி ஸ்வரங்களையும் பதிந்த ஒலியையும் ஒரே திரையில் கொண்டுவந்தது. 1991ல் டிஜிடிசைன் கம்பெனியின் ப்ரோ டூல்ஸ் வந்தது. ஒலியைச் சேமிக்கும் வடிவங்களில் பெரிய சண்டை இல்லை. ஆப்பிளின் ஏஐஎஃப்எஃப் 1988லும், மைக்ரோசாஃப்ட்டும் ஐபிஎம்மும் கொண்டுவந்த வேவ் 1991லும் வந்தன. இரண்டும் இன்றும் எல்லா இடத்திலும் திறக்கும். சிடி தரத்தில் இரு தட ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் பிடிக்கும், அவ்வளவுதான் குறை.

சிக்கல் எங்கே என்றால், ஒரு வேவ் கோப்புக்குத் தான் பாட்டில் எந்த இடத்தில் ஒலிக்க வேண்டும் என்பது தெரியாது. அது ப்ராஜெக்ட் கோப்புக்குத்தான் தெரியும். ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் 1997ல் வேவ் கோப்புக்குள்ளேயே நேரமுத்திரை வைக்கும் ப்ராட்காஸ்ட் வேவ் வடிவத்தை வெளியிட்டது. ரேடியோ, சினிமாக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் பதியும் நாம் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை.

சினிமாவில் படத்தொகுப்பு ஓர் இடத்தில், ஒலிச்சேர்க்கை இன்னோர் இடத்தில் நடக்கும். எனவே படத்தொகுப்பு மென்பொருளால் பெயர்பெற்ற அவிட் கம்பெனி, 1990களின் தொடக்கத்திலேயே ஓஎம்எஃப் என்ற பரிமாற்றக் கோப்பைக் கொண்டுவந்தது. எந்தத் துண்டு எந்த நொடியில் என்ற தகவலும், வேண்டுமானால் ஒலியும், ஒரே மூட்டையில் போகும். இரண்டு ஜிகாபைட்டுக்கு மேல் தாங்காது என்பது அதன் தொல்லை. பிறகு 2000ஐ ஒட்டி ஏஏஎஃப் என்ற மேம்பட்ட வடிவம் வந்தது. இன்றும் ப்ரோ டூல்ஸ், லாஜிக் போன்றவை அதை ஏற்கும். துண்டுகளின் இடம், ஏற்ற இறக்கம் எல்லாம் வந்துவிடும். ஆனால் மிடி ஸ்வரங்கள் வராது, எதிரொலி வகையறாக்களும் வராது. அது சினிமாக்காரர்கள் தங்கள் தேவைக்குத் தைத்த சட்டை.

அண்ணாச்சி வீட்டு சிடி

இதெல்லாம் ஸ்டூடியோக்காரர்கள் கவலை, நமக்கென்ன என்று நினைக்கலாம். எங்கள் குழுவில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அண்ணாச்சி. 2004ல் அவர் அம்மா ஊரிலிருந்து வந்து நாலு மாதம் தங்கியிருந்தபோது, பேத்திக்குப் பாடிய தாலாட்டை அண்ணாச்சி கணினியில் பதிந்து, அடியில் லேசாகக் கீபோர்டு சேர்த்து, மொத்த ஃபோல்டரையும் சிடியில் எழுதி வைத்தார். செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்தார்.

2019ல் அம்மா தவறிவிட்டார். ஊரில் காரியமெல்லாம் முடிந்து திரும்பிய பிறகு அந்த சிடியைத் தேடி எடுத்தார். அதிசயமாக சிடி படித்தது. ப்ராஜெக்ட் கோப்பு திறக்கவில்லை. அதை எழுதிய மென்பொருள் எப்போதோ நின்றுபோய்விட்டது. பெயர் வேண்டாம். என்னிடம் வந்தபோது அவர் சொன்னது இதுதான்: "தம்பி, கீபோர்டு போனாப் போவட்டும். அம்மை கொரல் மட்டும் கெடச்சாப் போதும்."

குரல் இருந்தது. பக்கத்து ஃபோல்டரில் பெயருக்குப் பதில் வெறும் எண்களோடு முப்பத்துச் சொச்சம் வேவ் கோப்புகள். புது மென்பொருளில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டோம். அத்தனையும் ஒரே இடத்தில், முதல் நொடியில் வந்து குவிந்தன. இடம் சொல்லும் தகவல் திறக்காத கோப்புக்குள் மாட்டிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, "இதுக்கு அடுத்து இதுதான் வரும்" என்று அண்ணாச்சியும் அவர் வீட்டு அண்ணியும் சொல்லச் சொல்ல ஒவ்வொரு துண்டாக அடுக்கினோம். அவர்களுக்கு அந்தத் தாலாட்டு மனப்பாடம் என்பதால் முடிந்தது. இரண்டு துண்டுகள் எங்கே வரும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அவற்றைத் தனியாகவே வைத்துவிட்டோம்.

மூடிய கடைகள்

இது அண்ணாச்சிக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. பெரிய பெரிய ஸ்டூடியோக்களுக்கே நேர்ந்திருக்கிறது. எல்லோருக்கும் பொதுக் கோப்பு கொடுத்த ஆப்கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998ல் கித்தார் கம்பெனியான கிப்சன் அதை வாங்கியது. அடுத்த வருடமே மேம்பாட்டு வேலைகள் நின்றன. ஸ்டூடியோ விஷனில் பாட்டுப் போட்டவர்கள் பழைய மேகின்டாஷைத் துணி போட்டு மூடிப் பாதுகாக்க வேண்டியதாயிற்று. அந்தக் கம்பெனியின் சொந்தக் கோப்பை இன்றைய மென்பொருள்கள் திறக்காது. அதே கம்பெனி பொதுவில் கொடுத்த ".மிட்" கோப்பை இன்றைய கைப்பேசிகூடத் திறக்கும். இந்தக் கதை முழுவதற்கும் சாரம் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

2002 ஜூலையில் ஜெர்மனியின் எமாஜிக் கம்பெனியை ஆப்பிள் வாங்கியது. லாஜிக் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பு அந்த ஆண்டோடு முடிந்தது. விண்டோஸில் லாஜிக் வைத்திருந்தவர்களுக்கு இரண்டே வழி: மேக் வாங்கு, அல்லது பாட்டை ஏற்றுமதி செய்துகொண்டு வேறு வீடு பார்.

அமெரிக்காவின் கேக்வாக் 1987ல் தொடங்கியது. நம்மூரில் வீட்டில் இசை போட ஆரம்பித்த பலருக்கும் அறிமுகமான பெயர். 2013ல் அதையும் கிப்சனே வாங்கியது. 2017 நவம்பரில் மேம்பாட்டை நிறுத்துவதாக அறிவித்தது. நல்லவேளையாக 2018 பிப்ரவரியில் பேண்ட்லேப் கம்பெனி அதன் மென்பொருள் உரிமைகளை வாங்கி, இலவசமாகவே கொடுத்தது. நடுவில் அந்த மூன்று மாதம், முப்பது வருடப் பாட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தவர்கள் எத்தனை பேரோ!

கம்பெனி இருந்தாலும் ஆபத்து உண்டு. 2019ல் வந்த ஆப்பிளின் கேட்டலினா பதிப்பு 32 பிட் மென்பொருள்களை ஏற்பதை நிறுத்தியது. ஸ்டெய்ன்பெர்க் 1996ல் அறிமுகப்படுத்திய விஎஸ்டி செருகு நிரல் முறையின் இரண்டாம் பதிப்புக்கு, அதே ஸ்டெய்ன்பெர்க் 2022 ஜனவரியில் விடைகொடுக்கத் தொடங்கியது. ப்ராஜெக்ட் கோப்பு திறக்கும். உள்ளே வாத்தியம் இருந்த இடம் காலியாக இருக்கும்.

நல்ல முன்னுதாரணமும் ஒன்று இருக்கிறது. ஸ்வரக்குறிப்பு எழுதும் ஃபினாலே மென்பொருளின் மேம்பாடு, முப்பத்தைந்து வருட ஓட்டத்துக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. ஆனால் மைக்கேல் குட் என்பவர் உருவாக்கி 2004ல் முதல் பதிப்பு கண்ட மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொதுவடிவம் அதற்குள் ஊன்றிவிட்டிருந்தது. இசையமைப்பாளர்கள் அதன் வழியாகத் தங்கள் குறிப்புகளை மூட்டை கட்டிக்கொண்டு வேறு மென்பொருளுக்குக் குடிபோனார்கள். ஊர் மாறும்போது கொஞ்சம் பாத்திரம் நசுங்கும், அது சகஜம்.

2023: மறுபடியும் ஒரு கைகுலுக்கல்

2023ல் பிட்விக், ப்ரீசோனஸ் என்ற இரண்டு போட்டிக் கம்பெனிகள் சேர்ந்து டாப்ராஜெக்ட் என்ற திறந்த வடிவத்தை வெளியிட்டன. ஸ்வரம், ஒலித்துண்டுகள், அவற்றின் இடம், சத்த அளவு, செருகு நிரல்களின் அமைப்பு எல்லாம் ஒரே மூட்டையில் போகும். மூட்டை என்பது சாதாரண ஜிப் கோப்புதான். பிரித்துப் பார்த்தால் உள்ளே மனிதர் படிக்கக்கூடிய எழுத்துகள் இருக்கும். 2024ல் க்யூபேஸ் 14ம் இதில் சேர்ந்துகொண்டது. ஆனால் எதிர் பக்கத்தில் அதே செருகு நிரல் இல்லாவிட்டால் அந்த வாத்தியம் ஊமைதான். எல்லா மென்பொருள்களும் இன்னும் சேரவுமில்லை. நாற்பது வருடத்துக்கு முன் ஸ்மித்தும் காகேஹாஷியும் செய்ததை இன்னும் முழு ப்ராஜெக்ட் கோப்புக்கு யாரும் செய்து முடிக்கவில்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்?

ஒரு பாட்டு முடிந்ததும், இன்னும் திறக்கிற நிலையில் இருக்கும்போதே, இதைச் செய்துவிடுங்கள்.

1. ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் முதல் நொடியிலிருந்து கடைசிவரை ஒரே நீளத்தில் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். நடுவில் அமைதியாக இருந்தாலும் பரவாயில்லை. எல்லாவற்றையும் முதல் நொடியில் இழுத்துப் போட்டால் தானாகப் பொருந்திவிடும்.

2. எண்ணை விட்டுவிட்டுப் பெயர் வையுங்கள். ஆச்சி குரல், கீபோர்டு, தாளம் என்று.

3. கீபோர்டுத் தடங்களை ".மிட்" கோப்பாகவும் எடுத்து வையுங்கள்.

4. சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் தாள வேகம், சுருதி, பிட்ச் பெண்ட் எல்லை, பாடியவர் பெயர், தேதி எல்லாம் எழுதி அதே ஃபோல்டரில் போடுங்கள்.

5. கலந்து முடித்த முழுப்பாட்டையும் வேவ் கோப்பாக வையுங்கள். எம்பி3 மட்டும் போதாது.

6. மூல ப்ராஜெக்டையும் ஒலி ஃபோல்டரோடு சேர்த்து வைத்திருங்கள். திறந்தால் லாபம். ரீப்பர் போன்ற ஒரு சில மென்பொருள்களின் கோப்பை நோட்பேடில் திறந்தே எந்தத் துண்டு எங்கே என்று படிக்கலாம்.

7. இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். ஒன்று இங்கே, ஒன்று ஊரில் தம்பி வீட்டிலோ அக்கா வீட்டிலோ.

ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். ஸ்டூடியோக்காரர்களுக்குக் காசு கொடுத்தால் திரும்பவும் வாசிக்க ஆள் கிடைப்பார்கள். வெளியூரில் இருக்கும் நமக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகும்போதோ, பெரியவர்கள் இங்கே வந்து தங்கும்போதோ பதிவதுதான். இந்தக் கோடை விடுமுறைக்கு யாராவது வருகிறார்கள் என்றால் பதியுங்கள். பதிந்த அன்றைக்கே ஏற்றுமதியும் செய்துவிடுங்கள்.